முழங்காலுக்காக எடுத்த இரத்தம்

அக்கா,

இன்று காலை இரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே நின்றவர்களில் யாரோ ஒருவர் நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி முழங்காலில் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார். வாசனை அறைக்குள் வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். வரிசையில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். அதில் பாதிப் பேருக்காவது முழங்கால் நோ இருக்கும். யாரிடமிருந்து வந்த வாசனை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கையில் ஊசியோடு அப்படியே நின்றதைப் பார்த்து, கதிரையில் இருந்த ஐயா, "என்ன மிஸ், நரம்பு அகப்படேல்லையோ?" என்று கேட்டார்.

"அகப்பட்டிட்டுது ஐயா" என்று சொல்லி எடுத்தேன். பிறகு அடுத்தவர். அதற்கடுத்தவர். பத்தரை மணிக்கு வரிசை முடிந்ததும் கைகழுவிவிட்டு இதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். எழுத்துக் கூட்டி வாசிக்க உங்களுக்கு நேரமெடுக்கும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். பரவாயில்லை. இதைச் சொல்ல வேண்டியது உங்களுக்குத்தான்.

நீங்கள் உயிரோடு இருந்தபோது ஒரு தடவைகூட உங்களை நான் அக்கா என்று கூப்பிட்டதில்லை. என்னைவிட நீங்கள் இரண்டு வயது மூப்பு. ஆனாலும் கடைசிவரைக்கும் என்னை "மிஸ்" என்றுதான் சொன்னீர்கள். நான் உங்களை முதலில் இலக்கத்தால் கூப்பிட்டேன். பிறகு "அம்மா" என்றேன். அதுவும் வருகிற நோயாளர் எல்லாரையும் கூப்பிடுகிற அம்மாதான்.

உங்கள் இலக்கம் பதினேழு.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு டொக்டர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து, தோட்டவேலை செய்கிற பெண்களின் முழங்காலைப் பற்றி ஓர் ஆய்வு செய்யப்போவதாகச் சொன்னபோது, ஆய்வுகூடத்தில் நான் ஒருத்திதான் உதவிக்கு அகப்பட்டேன். அன்றாட வேலைக்கே ஆள் போதாது. அதற்கு மேல் இது. துணுக்காய்ப் பக்கமிருந்து ஆட்களைக் கூட்டிவர அவர்களுடைய வான் வரும். முன் ஆசனத்தில் நான் பெயர்ப் பட்டியலோடு இருப்பேன். உங்கள் ஒழுங்கை முகப்பில் விடியப்புறமே வந்து நின்றீர்கள். கசங்காத சேலை, கையில் ஒரு துணிப்பை, உங்களோடு கூடவே ஏறிய கற்பூர எண்ணெய் வாசம்.

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் உங்களை ஒரு கதிரையில் இருத்தி, அரைமணித்தியாலம் அசையக்கூடாது என்றேன்.

"அசையாம இருந்து என்னா செய்யணும் மிஸ்?"

"ஒண்டும் செய்யவேண்டாம். சும்மா இருங்கோ."

நீங்கள் சிரித்தீர்கள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டீர்கள். பிறகு சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள், பள்ளிக்கூடத்தில் முழங்காலில் நிறுத்தப்பட்ட பிள்ளை பார்ப்பதுபோல.

அந்த அரைமணித்தியாலத்தில்தான் படிவத்தை நிரப்பினேன். வயது, தொழில், எத்தனை வருடமாக நோ. கச்சான் கடலை பிடுங்குவது, உழுந்து ஆய்வது, வெங்காயத்துக்குக் களை எடுப்பது. எல்லாமே குந்தியிருந்து செய்கிற வேலை. கடைசிக்கு முந்திய கேள்வி, நோவுக்கு விழுங்கும் குளிசை ஏதும் பாவிக்கிறீர்களா என்பது. குளிசை பாவிப்பவர்களை அந்த ஆய்வில் சேர்ப்பதில்லை. குளிசை மூட்டுக்குள் நடப்பதை மாற்றிவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"இல்லீங்க மிஸ்" என்றீர்கள். நான் கேட்டு முடிக்குமுன்னமே சொன்னீர்கள். நான் "இல்லை" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன்.

டொக்டர் வந்து எல்லாருக்கும் விளங்கப்படுத்தினார். நல்ல மனிதர். கதைக்கத் தெரிந்தவர். முழங்காலில் எலும்போடு எலும்பு உரசாமல் நடுவில் ஒரு வழுவழுப்பான படை இருக்கிறது, அதற்குப் பெயர் கசியிழையம் என்றார். அதற்குள் இரத்தக் குழாய் கிடையாது. நரம்பும் கிடையாது. பஞ்சை நீரில் வைத்து அமத்தி விடுவதுபோல, நடக்கும்போது அமுங்கி, நிற்கும்போது விரிந்து, அப்படித்தான் தனக்கு வேண்டிய சாப்பாட்டை அது உறிஞ்சிக்கொள்ளும். அமுங்கும்போது அதிலிருந்து ஒரு புரதம் துளித்துளியாகக் கழன்று இரத்தத்தில் வந்து சேரும். நடப்பதற்கு முன் எவ்வளவு, நடந்தவுடன் எவ்வளவு, சில மணித்தியாலம் இருந்தபிறகு எவ்வளவு என்று இரத்தத்தில் பார்த்தால், உள்ளே அந்தப் படை எப்படித் தாங்குகிறது என்று ஊகிக்கலாம்.

"அப்ப வேலை செய்யாமல் படுத்துக் கிடந்தா நல்லதோ டொக்டர்?" என்று வேறொரு பெண் கேட்டாள்.

"இல்லை அம்மா. அமத்தாட்டி அது பட்டினி. ஆனா அமத்தினால் விடவும் வேணும். விடாமல் அமத்திக்கொண்டே இருந்தாத்தான் தேயும்."

நீங்கள் கையை உயர்த்தினீர்கள். அந்தக் கூட்டத்தில் கையை உயர்த்திக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

"எனக்கு இன்னும் எத்தனை வருசம் தாங்கும்னு இந்த ரத்தத்துல தெரியுங்களா ஐயா?"

டொக்டர் கொஞ்சம் யோசித்தார். "அது ஒரு ஆளுக்குத் தனியச் சொல்ல ஏலாது அம்மா. நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தாத்தான் ஏதும் தெரியும்."

நீங்கள் தலையாட்டினீர்கள். அந்தத் தலையாட்டலை நான் எங்கள் வயலில் கண்டிருக்கிறேன். என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்றவர். உங்களைப்போல மலைநாட்டிலிருந்து இறங்கி வந்த குடும்பங்கள்தான் எங்கள் வயலில் வேலை செய்தார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க எங்கள் குசினியில் தனியாக நாலு கோப்பைகள் இருந்தன. நாளைக்கு வேலை இல்லை என்று அப்பா சொல்லும்போது அவர்கள் இப்படித்தான் தலையாட்டிவிட்டுப் போவார்கள். நீங்கள் தலையாட்டியபோது அந்தக் கோப்பைகள் ஞாபகம் வந்தன. ஞாபகம் வந்ததோடு சரி.

திரும்பத்திரும்பக் குத்தாமல் இரத்தம் எடுக்கக் கையில் குழாயூசி ஏற்றி, முதல் இரத்தம் எடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி வளவைச் சுற்றி நடக்கப் போனோம். அரைமணித்தியாலம், சமநிலமாக, ஒரே வேகத்தில். நேரம் பார்க்க நான் கூடவே வந்தேன். மூன்றாவது சுற்றில் எனக்கு மூச்சு வாங்கியது.

"மெதுவாப் போகட்டுங்களா மிஸ்? உங்களுக்குத்தான் முடியல போல."

"வேகம் மாத்தக்கூடாது. நீங்கள் நடங்கோ."

நடந்துகொண்டே மகளைப் பற்றிச் சொன்னீர்கள். வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. கணவர் போனபிறகு நீங்களும் அவளும்தான். "மூணு வருசப் படிப்பு மிஸ். இந்த முழங்கால் மூணு வருசம் தாங்கினாப் போதும். அதுக்கப்புறம் என்ன ஆனாலும் பரவால்ல." நீங்கள் டொக்டரிடம் கேட்ட கேள்வியின் கணக்கு எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பத்து நாள் கழித்து டொக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். பதினேழாம் இலக்கத்தின் முதல் இரத்தத்தில், அதாவது ஓய்வில் இருந்து எடுத்த இரத்தத்தில், மற்றவர்கள் நடந்து முடித்தபிறகு இருப்பதைப்போல அந்தப் புரதம் கிடக்கிறதாம். "அவா முதல்நாள் வேலைக்குப் போனவாவோ? ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ" என்றார்.

கேட்டேன். நீங்கள் வேலைக்குப் போகவில்லை. முதல்நாள் வேலைக்குப் போகக்கூடாது என்று நாங்கள் சொல்லியிருந்ததைக் காப்பாற்றியிருந்தீர்கள். அன்று விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி, பொதுக்கிணற்றில் எட்டுக் குடம் தண்ணீர் அள்ளி, விறகு கொத்தி, சமைத்து வைத்து, முற்றம் கூட்டி, ஒழுங்கை முகப்புக்கு ஒரு மைல் நடந்து வந்தீர்கள். இவ்வளவுதான். "வேலைன்னு ஒண்ணும் செய்யல மிஸ்" என்றீர்கள். அப்படி ஏறிய புரதத்தை அரைமணித்தியாலக் கதிரையால் இறக்க முடியாது. நான் இதைச் சொன்னதும் டொக்டர், "ஓய்வு எண்டு நாங்கள் எழுதுறது இவையளுக்கு இல்லாத சாமான்" என்றார்.

இரண்டாவது தடவை நீங்கள் வந்தது ஒரு மாதம் கழித்து. அந்த நாளில் நடை கிடையாது. நடந்த நாளோடு ஒப்பிடுவதற்காக, காலை எட்டு மணி தொடங்கி பின்னேரம் மூன்று மணிவரை வெறுமனே இருக்க வேண்டும். இடையிடையே இரத்தம் எடுப்போம். மற்றப் பெண்கள் அந்த நாளை விரும்பினார்கள். இருந்தபடியே நித்திரையானவர்களும் உண்டு. உங்களுக்கு அது தண்டனையாக இருந்தது. கையை என்ன செய்வதென்று தெரியாமல் சேலைத் தலைப்பை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தீர்கள். பார்க்கப் பொறுக்காமல், சிறு குப்பிகளில் ஒட்டுகிற லேபிள் பட்டித்துண்டுகளைக் கொண்டுவந்து தந்தேன். கையால் செய்கிற வேலைதானே, முழங்காலுக்குத் தெரியாது. ஒன்றும் கோணாமல், எல்லாம் ஒரே உயரத்தில் ஒட்டித் தந்தீர்கள். அவ்வளவு ஒழுங்காக என் ஆய்வுகூடத்தில் யாரும் ஒட்டியதில்லை.

பன்னிரண்டு மணியிருக்கும். உங்கள் முகம் சுருங்கத் தொடங்கியது. நெடுநேரம் மடக்கி இருந்ததில் முழங்கால் இறுகிவிட்டது. எழும்பி நாலு அடி நடக்கலாமா என்று கேட்டீர்கள். இன்னும் ஒரு தடவை எடுக்கும்வரை முடியாது என்றேன். நான் மெசினில் குப்பிகளைச் சுழலவிட்டுத் திரும்பியபோது, துணிப்பைக்குள்ளிருந்து ஒரு கடதாசிச் சுருளை எடுத்து அதிலிருந்த சிவப்புக் குளிசையை வாயில் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"என்ன அது?"

விழுங்கிவிட்டீர்கள்.

"அம்மா, என்ன குளிசை அது?"

"கடையில குடுக்கிறதுங்க. காலுக்கு."

"எவ்வளவு காலமா?"

"எட்டு வருசம் இருக்கும்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"காலையில ஒண்ணு. கச்சான் புடுங்குற நாள்ல மத்தியானமும் ஒண்ணு. ரொம்ப முடியலன்னா ராத்திரிக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினீர்கள். "டொக்டர் ஐயாகிட்ட சொல்லிடாதீங்க மிஸ். சொன்னா என்னைய வெளியாக்கிருவாங்க. மத்தவங்களோட சேர்த்துப் பார்த்துத்தான் தெரியும்னு அவரே சொன்னாரே. நானும் அதுக்குள்ள இருக்கணும்."

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அக்கா. அன்றும் தெரியும். படிவத்தை எடுத்து "இல்லை" என்பதை வெட்டி "ஆம்" என்று எழுதியிருக்க வேண்டும். டொக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, உங்கள் கையில் ஏறியிருந்த குழாயூசியிலிருந்து இன்னுமொரு சிறு குப்பி எடுத்துச் சிறுநீரகப் பரிசோதனை செய்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் சிறுநீரக நோய் எப்படிப் பரவிக் கிடக்கிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு நாளும் அதைத்தான் அளக்கிறேன். எட்டு வருடம் நோக்குளிசை தின்ற ஒருவருக்கு அது என்ன செய்யும் என்பதும் தெரியும். சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினினைப் பார்ப்பதற்கு என் மெசினில் பத்து நிமிடம் போதும்.

நான் ஏன் செய்யவில்லை? உங்கள் மேல் இரக்கப்பட்டுச் சொல்லாமல் விட்டேன் என்று கொஞ்சக்காலம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உண்மை அதுவல்ல. களைப்பு. அதற்கு முதல்நாளும் நான் ஒருத்திதான் வேலை. அன்றைக்கு உங்களை வெளியே எடுத்தால் இரண்டு முழுநாள் வேலை வீண், உங்களுக்குப் பதிலாக இன்னொருவரைத் தேடிப்பிடித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றரை மணிக்கு ஐஸ்பெட்டியோடு வான் வெளிக்கிட வேண்டும். வெளியே வழமையான நோயாளரின் படிவங்கள் குவிந்து கிடந்தன. நான் உங்களைப் பார்த்து, "இந்தக் குளிசை கிட்னியைப் பழுதாக்கும். கட்டாயம் கிளினிக்குக்குப் போய்ச் செக் பண்ணுங்கோ" என்றேன்.

"சரிங்க மிஸ். போறேன்."

சொல்லிவிட்டேன் என்ற திருப்தியோடு அடுத்த குப்பியை எடுத்தேன். படிவத்தில் "இல்லை" அப்படியே இருந்தது.

பிறகு உங்களை மறந்துபோனேன். ஆய்வு முடிந்தது. டொக்டர் போய்விட்டார். எட்டொன்பது மாதம் கழித்து ஒரு நாள், நோயாளர் வாட்டிலிருந்து வந்த படிவங்களுக்குள் ஒரு கிரியாட்டினின். மெசின் காட்டிய எண்ணை நம்பாமல் திரும்பவும் போட்டேன். அதே எண். மூன்றாவது தடவையும் போட்டபிறகுதான் பெயரைப் பார்த்தேன். இலக்கமாகவே பழகியிருந்ததில், பெயரைப் பார்த்து உங்களை அடையாளம் பிடிக்க எனக்கு ஒரு நிமிடம் எடுத்தது.

வாட்டுக்கு ஓடிவந்தேன். முகம் வீங்கி, கால்கள் வீங்கி, சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தீர்கள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தீர்கள்.

"படுங்கோ, படுங்கோ."

"மிஸ், முழங்கால் இப்ப நோகவே இல்ல. பாருங்க, சும்மா இருக்கச் சொன்னீங்கள்ல? இப்பத்தான் இருக்கேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களுக்கு அது சங்கடமாகப் போயிற்று. பக்கத்துக் கட்டிலைப் பார்த்தீர்கள், பிறகு என் கையைத் தட்டினீர்கள்.

"நான் அண்டைக்கே உங்கட இரத்தத்தைப் பார்த்திருக்கவேணும்" என்று தொடங்கினேன்.

"நீங்க போகச் சொன்னீங்க மிஸ். நான்தான் போகல. கிளினிக் நாள்ல எல்லாம் கச்சான் வேலை வந்துருச்சு." பிறகு, "மவளுக்குப் படிப்பு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு" என்றீர்கள்.

நீங்கள் என்னை விடுவிக்கத்தான் அப்படிச் சொன்னீர்கள். ஆனால் போகச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். எட்டுக் குடம் தண்ணீர் அள்ளிவிட்டு வருகிற ஒருவரிடம், இன்னுமொரு நாளை எடுத்து இன்னுமொரு வரிசையில் நில்லுங்கள் என்றேன். உங்கள் கையில் ஊசி ஏறியிருந்தபோது சொன்னேன்.

அதன்பிறகு வாரத்தில் இரண்டு நாள் இரத்தச் சுத்திகரிப்புக்கு உங்களை வவுனியாவுக்குக் கூட்டிப் போனார்கள். மகள் அங்கேயே படித்ததால் வகுப்பு முடிந்து உங்களிடம் வந்து நிற்பாள் என்று கேள்விப்பட்டேன். நான் ஒரு தடவைதான் வந்து பார்த்தேன். திரும்பவும் வருகிறேன் என்றேன். பணிநேரம், லீவு, ஆள் இல்லை. எல்லாம் உண்மையான காரணங்கள்தான். நீங்கள் போய்ப் பதினோராம் நாள்தான் எனக்குத் தெரியவந்தது, அதுவும் உங்கள் ஒழுங்கையிலிருந்து இரத்தம் கொடுக்க வந்த ஒரு பெண் கதையோடு கதையாகச் சொல்லி.

அன்று பின்னேரம் எல்லாரும் போனபிறகு பிறீசரைத் திறந்தேன். ஆய்வின் குப்பிகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாலும், வழியில் ஏதும் பழுதானால் இருக்கட்டும் என்று ஒவ்வொருவரின் முதல் இரத்தத்திலும் சுழற்றிப் பிரித்த தெளிநீரை இரண்டு குப்பி எங்களிடம் வைத்திருந்தோம். அடித்தட்டில் பனியை விலக்கித் தேடினேன். பதினேழு அகப்பட்டது. உறைந்து வெண்மஞ்சளாகக் கிடந்தது. ஒரு குப்பியை எடுத்துக் கைக்குள் வைத்து உருகவிட்டு, கிரியாட்டினின் போட்டேன்.

ஏறியிருந்தது, அக்கா. அந்த முதல் காலையிலேயே ஏறியிருந்தது. ஆனால் வாட்டில் பார்த்த எண் அல்ல. அப்போதே குளிசையை நிறுத்தி, மருந்து தொடங்கி, தண்ணீரையும் உணவையும் கவனித்திருந்தால், நிறையக் காலம் அந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கக்கூடிய எண். எண்களோடு இருபது வருடம் இருந்தவள் நான். எனக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மறுநாள் டொக்டருக்கு எழுதினேன். குளிசை விடயத்தை அறிந்தும் படிவத்தை மாற்றவில்லை என்று ஒன்றும் விடாமல் எழுதினேன். அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம்தான், ஆனால் அது கொஞ்சநேரத்தில் வேறெங்கோ போயிற்று.

"நான் அவவின்ர இரத்தத்தை ஏழு தரம் பார்த்தனான் மிஸ். ஏழு தரமும் முழங்காலைத்தான் பார்த்தனான்" என்றார்.

விதிப்படி பதினேழாம் இலக்கத்தை முடிவிலிருந்து நீக்கவேண்டி வந்தது. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது, அதுவும் சரிதான். அடுத்த குழுவுக்குத் தொடங்கும்போது, முதல் இரத்தத்திலேயே சிறுநீரகமும் பார்க்கவேண்டும் என்று அவர் சேர்த்துக்கொண்டார். அதில் பளையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தோம். அவள் இப்போது கிளினிக்குக்கு ஒழுங்காக வருகிறாள். அவளைக் காணும்போது சந்தோசப்பட வேண்டும் என்று நினைப்பேன். பெரும்பாலும் களைப்பாகத்தான் இருக்கும்.

ஆய்வின் முடிவைப் பங்குபற்றிய ஒவ்வொருவருக்கும் வீட்டுக்குப் போய்ச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தோம். டொக்டர் ஒரு பக்கத்தில் எழுதித் தந்ததை நான் தமிழில் எழுதி, படி எடுத்துக்கொண்டு துணுக்காய்ப் பக்கம் போனேன். நடந்தால் அந்தப் புரதம் ஏறுகிறது, இருந்தால் இறங்குகிறது. நாள் முழுக்கக் குந்தியிருந்து வேலை செய்கிறவர்களுக்கு இறங்க நேரம் கிடைப்பதில்லை. வேலைக்கு நடுவில் எழும்பி நிமிர்ந்து நடங்கள், காலை நீட்டி இருங்கள். முடிவில் இருந்தது அவ்வளவுதான். வீடுவீடாகச் சொன்னேன். பெண்கள் தலையாட்டினார்கள்.

உங்கள் வீட்டுக்குப் போகவேண்டிய தேவை இல்லை. உங்கள் இலக்கம் அந்தத் தாளில் இல்லை. ஆனாலும் போனேன். சனிக்கிழமை என்பதால் மகள் வீட்டில் நின்றாள். உங்களைப்போலவே நெடுப்பம். பேச்சு மட்டும் எங்கள் பக்கத்துப் பேச்சு. நான் யாரென்று சொன்னேன். கதிரை எடுத்துப் போட்டாள். இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். குளிசையைக் கண்டது, எழுதாமல் விட்டது, பிறீசரில் இருந்ததைப் பிறகு எடுத்துப் பார்த்தது, அதில் இருந்த எண்.

அவள் வாசற்படியில் இருந்தாள்.

"அண்டைக்கு எழுதியிருந்தா அம்மா இருந்திருப்பாவோ?"

"தெரியாது. கொஞ்சக் காலமாவது கூட இருந்திருப்பா."

"எவ்வளவு காலம்?"

"அது என்னாலை சொல்ல ஏலாது பிள்ளை."

"ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்ல ஏலாது" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "அம்மா உங்களைப் பற்றி நல்லாத்தான் சொன்னவா. லேபிள் ஒட்டத் தந்தனீங்களாம். ஒரு நாள் முழுக்கக் கதிரையிலை இருந்ததை எத்தினையோ பேருக்குச் சொல்லியிருப்பா."

தேத்தண்ணி தரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. எழும்பி, சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைவரை வந்துவிட்டேன். அவள் பின்னால் வேகமாக வந்தாள்.

"மிஸ், அந்த பிறீசரிலை இருந்தது எல்லாம் முடிஞ்சுதோ?"

"ஒரு குப்பி இருக்கு. பாவிக்காதது."

"எவ்வளவு இருக்கும்?"

பெருவிரல் நகத்தைக் காட்டினேன். "இந்தளவு."

அவள் என் விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அம்மாவின்ர ஒண்டும் வீட்டிலை மிஞ்சேல்லை. சேலையளை எல்லாம் சடங்கிலை குடுத்திட்டம். அவவின்ர படம்கூட அடையாள அட்டையிலை இருக்கிறதுதான்." பிறகு சொன்னாள்: "அதை எறிஞ்சு போடாதேங்கோ."

"எறியமாட்டன்."

"நான் வந்து கேட்கமாட்டன். சும்மா அங்க இருக்கட்டும்."

அவளுக்கு இந்த வருடக் கடைசியில் படிப்பு முடிகிறது, அக்கா. மூன்று வருடம் என்று நீங்கள் சொன்ன அதே படிப்பு. ஒருநாளும் விடாமல் போகிறாளாம். இதை உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேனோ என்னவோ.

போன மாதம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பழைய ஆய்வுகளின் மிச்சங்களை அழித்து, பிறீசரைத் துப்புரவாக்கி, பட்டியலில் கையெழுத்திட்டு அனுப்பவேண்டும். ஒன்றொன்றாக எடுத்து அழித்தேன். எல்லா இலக்கத்துக்கும் நேரே கையெழுத்து வைத்தேன். பதினேழுக்கு நேரேயும் வைத்தேன். உங்களுக்காக நான் எழுதிய இரண்டாவது பொய் அது. பிறகு அந்தக் குப்பியை ஒரு சிறு பையில் போட்டு, மேல்தட்டின் மூலையில், எங்கள் ஆய்வுகூடப் பரிசோதனை மருந்துகளுக்குப் பின்னால் வைத்தேன். மின்சாரம் நின்றால் மற்றவர்கள் மெசின்களைப் பார்க்க ஓடுவார்கள். நான் அங்கே போய், ஜெனரேட்டர் பிடிக்கும்வரை பிறீசர்க் கதவைக் கையால் அமத்திக்கொண்டு நிற்பேன்.